ரத்தான டூர்களும் ஒரு கத்திரி வெயிலும்

2025 மே 5, திங்கள். தேவனாம்பட்டினம்

எங்கள் வகுப்புக்கு டூர் ராசி கிடையாது. ஆறாம் வகுப்பில் தஞ்சாவூர் என்று முடிவாகி, முன்பணம்கூடக் கட்டியாயிற்று. 2018 நவம்பரில் கஜா வந்து டெல்டாவையே புரட்டிப் போட்டதில் அது போனது. ஏழாம் வகுப்பில் மாமல்லபுரம். நாள் குறித்தது 2020 மார்ச் கடைசி வாரத்தில். அப்புறம் என்ன ஆனது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பைக் கல்வித் தொலைக்காட்சியில் படித்தோம். அதாவது படித்ததாகச் சொல்லிக்கொண்டோம். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். பாதிப் பேர் இன்றைக்கு, மீதிப் பேர் நாளைக்கு. அந்த வருஷம் டூர் என்ற வார்த்தையை எடுத்தாலே சானிடைசரை நீட்டினார்கள். பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாகப் பொதுத்தேர்வு. "பரீட்சை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார்கள்.

பரீட்சை மார்ச் 25ஆம் தேதி முடிந்துவிட்டது. எங்கள் பயாலஜி குரூப்பில் நீட் எழுதியவர்களுக்கு அதுவும் நேற்றோடு முடிந்தது. ரிசல்ட் 9ஆம் தேதி. அதற்குப் பிறகு யார் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாது. ஏற்கெனவே ரெண்டு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், ஒருத்தி ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ஆகவே பள்ளி நடத்தாத டூரை நாங்களே நடத்திவிடுவது என்று முடிவு.

நிபந்தனைகள் நிறைய. பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கூட ஆசிரியர் யாராவது வர வேண்டும் (தமிழ் ஐயாவும் பயாலஜி மிஸ்ஸும் மாட்டினார்கள்). காசு அதிகம் ஆகக் கூடாது. இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது கடலூரும் சுற்றுவட்டாரமும்தான். "சொந்த ஊரையே சுத்திப் பார்க்கப் போறீங்களா?" என்று என் அண்ணன் சிரித்தான். சிரிக்கட்டும்.

காலையிலேயே வெயில் கொளுத்தியது. நேற்றுதான் கத்திரி ஆரம்பம். மஞ்சக்குப்பத்தில் கூடி, டவுன் பஸ்ஸில் தேவனாம்பட்டினம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பையன்கள் பழைய பஸ் பாஸை நீட்டிப் பார்த்தார்கள். "ஸ்கூல் முடிஞ்சுது இல்ல, காசு எடு" என்றார் கண்டக்டர். பள்ளி முடிந்துவிட்டது என்று எங்களிடம் முதலில் அதிகாரபூர்வமாகச் சொன்னவர் அவர்தான்.

கெடிலம் கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது நிற்பவை செங்கல் தெரியும் சில சுவர்கள், முள்புதர், ஆட்டுப் புழுக்கை. ஆனால் கதை பெரிது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை. அப்படிக் கிடைத்தவை குண்டு கிராமங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய தெருக்கள் அந்தக் குண்டுக்குள் அடங்கும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டதும் கம்பெனியின் தலைமையிடம் இங்கே வந்தது. 1752 வரை இங்கேதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். "பீரங்கியை எந்த ஆங்கிள்ல வெச்சு சுட்டிருப்பான்? நாற்பத்தஞ்சு டிகிரின்னா இன்னும் தூரம் போயிருக்கும்" என்று நீட் எழுதியவன் ஆரம்பித்தான். அவன் வாயில் ஒரு மாங்காய்ப் பத்தையைத் திணித்து அடக்கினோம்.

இந்தச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிக்கிறவன் எங்கள் வகுப்பில் ஒருவன் உண்டு. அவனைப் படகுக்காரன் என்போம். இதுவரை இந்தச் சுவரில் வலை காயப்போட்டிருக்கிறானாம், அவ்வளவுதான். ஏப்ரல் 15இலிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவன் அப்பாவின் விசைப்படகு கரையில் நிற்கிறது, அவனும் எங்களோடு வந்துவிட்டான். மற்ற மாதம் என்றால் வந்திருக்க மாட்டான். ப்ளஸ் ஒன்னிலிருந்தே முதல் பீரியடில் பாதி நாள் அவன் இடம் காலியாகத்தான் இருக்கும். வருகைப் பதிவேட்டை எடுக்கும் சார் அவன் பெயர் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, வாசலை ஒரு பார்வை பார்த்து, பேனாவை மூடி வைத்துக்கொள்வார். ரெண்டாவது பீரியடுக்குள் அவன் வந்துவிடுவான், தலைமுடியில் உப்போடு.

சில்வர் பீச்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். பள்ளி நினைவுகளைப் பகிர்வோம் என்று மிஸ் சொன்னதும் எல்லாரும் ஊமையாகிவிட்டோம். அப்புறம் யாரோ "மூணாவது படிக்கும்போது வெள்ளம் வந்துச்சே" என்றதும் பிடித்துக்கொண்டது. வேறு ஊர்ப் பிள்ளைகள் வகுப்பு ஆசிரியரை வைத்து வருஷத்தை நினைவு வைப்பார்கள் போலிருக்கிறது. எங்களுக்கு மழைதான் கணக்கு. எல்கேஜி என்றால் தானே புயல். மூன்றாம் வகுப்பு என்றால் 2015 வெள்ளம். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. எட்டாம் வகுப்பு நிவர்; பள்ளியே இல்லாத வருஷத்தில் வந்த புயல் என்பதால் லீவு வீணானது என்று இன்றுவரை வருத்தப்படுகிறோம். பன்னிரண்டு என்றால் ஃபெஞ்சல்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அது ஓய்ந்தது என்று மூச்சு விட்டபோது சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்து ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு அதில் போய்விட்டது. ஆளுக்கு ரெண்டு சோதனை என்று பிரித்துக்கொண்டு எழுதி, படம் வரைந்து, அவள் கையில் கொடுத்தோம். பத்துக் கையெழுத்து இருந்தது அந்த நோட்டில். கெமிஸ்ட்ரி மிஸ் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமும் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத்தான் போனது.

சுனாமி எங்களுக்குக் கதை மட்டும்தான். நாங்கள் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. படகுக்காரனுக்கு அப்படி இல்லை. அவன் குடியிருப்பதே அதற்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மே 6, செவ்வாய். வடலூர்

இன்றைக்குக் கூட்டம் குறைவு. நேற்றைய வெயிலில் ரெண்டு பேர் சுருண்டுவிட்டார்கள்.

குள்ளஞ்சாவடி தாண்டினால் ரெண்டு பக்கமும் முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே அடித்ததில் இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு வைத்தவை. "அப்ப இதெல்லாம் நம்ம செட்டு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மரத்துக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பள்ளிப் பருவம்.

வடலூரில் நாங்கள் முதலில் போனது தருமச்சாலைக்கு. 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்காமல் வந்தவருக்கெல்லாம் சோறு. வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், அவருக்குப் பக்கத்தில் காவி கட்டிய ஒருவர், அவருக்கு அப்பால் கைக்குழந்தையோடு ஒரு அம்மா. சாம்பார் சுடச்சுட வந்தது. பரிமாறியவர் என் இலையைப் பார்த்து, "ஏம்மா, சாப்பிடற வயசு, இன்னும் வாங்கிக்க" என்று கரண்டியைக் கவிழ்த்தார்.

பேச்சு தானாகச் சத்துணவுக்குப் போனது. நாங்கள் அத்தனை பேரும் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதை ஏளனமாகப் பேசுபவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. எங்கள் சத்துணவு ஆயா முட்டையை உரித்துக் கொடுப்பதில் ஒரு கணக்கு வைத்திருந்தார்: காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களுக்கு முதல் வரிசை. இதைத் தெரிந்துகொண்டு ஆறாம் வகுப்பில் தினம் ஒருவன் மயங்கி விழுந்தான். விழுவதற்கு முன்னால் பையைப் பத்திரமாகக் கீழே வைப்பான். ஆயாவுக்குத் தெரியாமலா இருக்கும்? "விழுந்தவன் வாடா" என்றுதான் கூப்பிடுவார்.

பத்தாம் வகுப்போடு சத்துணவு நின்றுவிடும். ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் மணி அடித்ததும் பழக்கத்தில் தட்டோடு போய் நின்றவர்கள் உண்டு. ஆயா அன்றைக்கு மட்டும் போட்டார். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸ். கொண்டு வராதவர்கள் மரத்தடிக்குப் போய் "பசிக்கல" என்று உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு வாரம்தான் அது நடந்தது. அப்புறம் எல்லா டப்பாவையும் ஒரு பேப்பரில் கொட்டி, புளிசாதமும் தயிர்சாதமும் கலந்து, யாருடையது எது என்று தெரியாமல் சாப்பிட ஆரம்பித்தோம். ருசி படுமோசம். ரெண்டு வருஷமும் அப்படித்தான் சாப்பிட்டோம்.

சத்திய ஞான சபையையும் பார்த்தோம். 1872இல் கட்டியது, எண்கோண வடிவம். தைப்பூசத்தில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். இன்றைக்குத் திரையும் இல்லை, கூட்டமும் இல்லை, தரை மட்டும் அடுப்பாகச் சுட்டது. செருப்பை விட்ட இடத்துக்கு ஓடினோம்.

மே 7, புதன். பாகூர், புதுச்சேரி

பஸ்ஸில் ஏறும்போதே செய்தி உறுதியாகிவிட்டது. ரிசல்ட் ஒரு நாள் முன்னதாக வருகிறது. நாளைக் காலை ஒன்பது மணி. பஸ்ஸில் பாதிப் பேர் முகம் மாறிவிட்டது. "அப்ப நாளைக்கு பிச்சாவரம்?" என்றேன். போவதா வேண்டாமா என்று ரெட்டிச்சாவடி வரை சண்டை. போவது என்றே தீர்மானம் ஆனது. இன்னொரு டூரை ரத்து செய்தோம் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம்.

முள்ளோடையில் எல்லை. அந்தப் பக்கம் கால் வைத்ததும் வரிசையாக மதுக்கடைப் பலகைகள். மிஸ் பையன்களை ஜன்னல் பக்கத்திலிருந்து எழுப்பி உள்பக்கம் உட்கார வைத்தார். தமிழ் ஐயாவுக்கு அந்தப் பலகைகள் கண்ணில் படவே இல்லை. அவர் பாரதியில் இருந்தார். 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இருந்த பாரதி, 1918 நவம்பரில் கிளம்பி பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்ததும் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர் சிறையில் இருந்தார். "நீங்க இன்னைக்கு பிஸ்கட் தின்னுக்கிட்டு தாண்டுற எல்லை இது" என்றார் ஐயா. எங்கள் வகுப்பில் பாரதி பாட்டு மனப்பாடப் பகுதியில் வந்தபோது இதே ஐயா முழுப் பாட்டையும் ஒப்பிக்க வைத்தார், பரீட்சைக்கு எட்டு வரிதான் என்று நாங்கள் மன்றாடியும். இன்றைக்கு பஸ்ஸில் அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்ததும் பின்சீட்டு மொத்தமும் கடைசி வரை சொன்னது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஐயா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டார்.

கன்னியக்கோயிலில் இறங்கி பாகூர். இது ஐயாவின் பிடிவாதம். நாங்கள் நேராகப் பாண்டி பீச்சுக்குப் போயிருப்போம். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூலநாதர் கோயில் சின்னது, அமைதியானது. சுவர் நிறையச் சோழர் கல்வெட்டு. ஐயா பேசியது அதற்கும் முந்தைய சங்கதி. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க வர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில், இந்த ஊரில் ஒரு கல்லூரி இருந்தது. அதை நடத்துவதற்காக மூன்று கிராமங்களைக் கொடுத்ததைச் செப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாகூர்ச் செப்பேடு என்று பெயர். அந்த வித்யாஸ்தானம் எங்கே இருந்தது என்பதற்கு இப்போது எந்த அடையாளமும் இல்லை. "மூணு கிராமத்து வருமானமா? நம்ம ஸ்கூலுக்கு ஒரு மோட்டார் ரிப்பேர் பண்ண ஆறு மாசம் ஆச்சே" என்றான் படகுக்காரன். ஐயாவே சிரித்துவிட்டார். அங்கே படித்தவர்களுக்கும் ஏரி நிரம்பினால் லீவு விட்டிருப்பார்களா என்று ஒருத்தி கேட்டாள். அதைச் செப்பேட்டில் எழுதவில்லையாம்.

அரிக்கமேட்டில் இறங்கலாம் என்று வரலாறு பிடித்த ஒருத்தி கெஞ்சினாள். ஓட்டெடுப்பு நடந்தது. பாவம், ஒரே ஓட்டு.

புதுச்சேரியில் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவரைப் புரட்சிக்கவிஞர் என்று ரெண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறோம். ஆனால் அவர் 1909இலிருந்து 1946 வரை பள்ளி ஆசிரியர் என்பது இங்கே வந்துதான் மனதில் ஏறியது. முப்பத்தேழு வருஷம்! கரும்பலகை, வருகைப் பதிவேடு, விடைத்தாள் எல்லாம் அவருக்கும் இருந்திருக்கும். ஐயா அந்த வீட்டில் வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமே பேசவில்லை. அவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார் என்று மிஸ் பிறகு சொன்னார்.

மிஷன் வீதியில் கல்வே கல்லூரி என்ற பழைய பள்ளியை வெளியிலிருந்து பார்த்தோம். கல்வே சுப்பராய செட்டியார் 1877இல் தொடங்கியது, இப்போது அரசு மேல்நிலைப்பள்ளி. உயரமான தூண்கள், பெரிய பெரிய ஜன்னல்கள். இந்த ஜன்னல் இருந்தால் எங்களுக்கு ஃபேன் தேவைப்பட்டிருக்காது.

கடற்கரைச் சாலையில் ஆறு மணிக்கு மேல்தான் வண்டிகளை நிறுத்தி நடக்க விடுவார்கள். நாங்கள் ஐந்துக்கே கிளம்ப வேண்டும். ஆகவே பாண்டியின் நல்ல பகுதியைப் பாண்டிக்காரர்களுக்கே விட்டுவிட்டு, காந்தி சிலையடியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பழைய கலங்கரை விளக்கத்தின் முன்னால் இருபது நிமிஷம் போட்டோ எடுத்தது தனிக் கதை. எல்லாப் படத்திலும் யாராவது ஒருவருக்குக் கண் மூடியிருக்கிறது.

திரும்பும்போது சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் ஏறினார். பாண்டியிலிருந்து வரும் பையன் கூட்டம், முதுகில் பை. கேட்கவா வேண்டும்? கடைசி பெஞ்ச் ஆள் ஒருவன் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தர மறுத்தான். சந்தேகம் வலுத்தது. திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை, பள்ளிச் சட்டை. கடைசிப் பரீட்சை அன்று இங்க் அடித்துக்கொள்ளக் கூடாது என்று வாசலிலேயே சார்கள் நின்றதால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இவன் பயணம் முடியும்போது எல்லாரிடமும் கையெழுத்து வாங்க ரகசியமாகக் கொண்டு வந்திருக்கிறான். போலீஸ்காரர் சட்டையை விரித்துப் பார்த்தார், மடித்தார். "நாளைக்கு ரிசல்ட்டா? என் பொண்ணுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மே 8, வியாழன். பிச்சாவரம்

ஆறரைக்கு பஸ். யாரும் சரியாகத் தூங்கவில்லை. சிதம்பரம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு நாங்கள் இருந்தது கிள்ளைக்குப் போகும் டவுன் பஸ்ஸில். சிக்னல் வந்து வந்து போனது. பதிவு எண், பிறந்த தேதி, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். முதலில் எஸ்எம்எஸ் வந்தது ஜவுளிக்கடைக்காரிக்கு. அவள் கடையிலிருந்தே போன் போட்டுக் கத்தினாள்: 548. அப்புறம் மடமடவென்று வந்தன. எனக்கு 511. அம்மாவுக்கு போன் செய்தேன். "சரி, தொப்பி போட்டுக்கிட்டியா, வெயிலு" என்றார். மாநிலத்தில் 95.03 விழுக்காடு தேர்ச்சி என்று யாரோ படித்தார்கள்.

மீதி இருக்கும் விழுக்காட்டில் படகுக்காரன் இருந்தான். இயற்பியல் ஒன்றில்தான். போனைப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டான், "எறங்குங்க, ஸ்டாப் வந்துடுச்சி" என்றான்.

பிச்சாவரத்தில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு துடுப்புப் படகில் ஏறினோம். கால்வாய் குறுகக் குறுகக் கிளைகள் தலைக்கு மேல் கூடிக்கொண்டன. வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. சுரபுன்னையின் வேர்கள் கால் ஊன்றி நிற்பதுபோல் தண்ணீரில் இறங்கியிருந்தன. மிஸ் பழக்கத்தை விடவில்லை. சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த குச்சி வேர்களைக் காட்டி, "இது என்ன?" என்றார். "சுவாச வேர், மிஸ்." "எதுக்கு?" "சேத்துல ஆக்சிஜன் இல்ல, அதனால வெளிய வந்து காத்து வாங்குது." சுரபுன்னையின் விதை, காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீளமாகத் தொங்கும், முளைத்த பிறகுதான் விழும். பாடப்புத்தகத்தில் கருப்பு வெள்ளையில் பார்த்த அந்தப் படத்துக்கு நான் எப்போதும் தலைகீழாகப் பெயர் குறித்து மார்க்கை இழந்திருக்கிறேன். இங்கே கைக்கு எட்டும் உயரத்தில் பச்சையாக, விரல் தடிமனில் தொங்கியது.

ஒரு திருப்பத்தில் சிறு அலை மாதிரி ஏதோ துள்ளியது. எல்லாரும் பாம்பு என்று கத்தினோம். "மடவை மீன்டா" என்றான் படகுக்காரன். காலையிலிருந்து அவன் பேசிய ரெண்டாவது வார்த்தை. அப்புறம் நிறுத்தவில்லை. இறால் குஞ்சு இந்த வேருக்குள்தான் ஒளிந்து வளரும், ஓதம் ஏறும்போது எந்தப் பக்கம் தண்ணி இழுக்கும், தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும், சுனாமி அன்று இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் எப்படித் தப்பின என்று அவன் தாத்தா சொன்னது எல்லாம். மிஸ் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படகு ஓட்டிய அண்ணன் மட்டும் "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, துடுப்பைக் கொஞ்ச நேரம் அவனிடம் கொடுத்தார்.

கரையேறி நிழலில் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சட்டையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஐயா முதுகுப் பக்கம் தேதி போட்டு, தமிழ் எண்களில் எழுதினார். அவரைத் திருத்த முடியாது.

கடைசியில் கணக்கு. வகுப்புத் தலைவி நோட்டை எடுத்தாள். வசூல், பஸ், படகு, சாப்பாடு எல்லாம் கழித்து முந்நூற்று நாற்பது ரூபாய் மீதி. ஜூனில் துணைத்தேர்வு, அதற்கு ஃபீஸ் கட்ட அதைப் படகுக்காரனிடம் கொடுத்துவிடலாம் என்று அவனைக் கேட்காமலே பேசிக்கொண்டோம். அவனுக்குக் காது கேட்கும் என்பது எங்களுக்கு ஏனோ தோன்றவில்லை.

"ஒரு பேப்பருக்கு எவ்வளவு ஆயிடப் போகுது, அதெல்லாம் நான் கட்டிக்கிறேன்" என்றான். "அந்தக் காசுல சிதம்பரத்துல பிரியாணி வாங்குங்க. பசிக்குது."

முந்நூற்று நாற்பதுக்கு இத்தனை பேருக்குப் பிரியாணி வராது என்று தலைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். மிஸ் பர்ஸைத் திறந்தார். ரெண்டு பாக்கெட்டைக் குறைத்து வாங்கி, பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பரை விரித்து மொத்தத்தையும் அதில் கொட்டினோம்.